நாலு விரற்கடை

ஜோவிதாவின் கால்கள் தரையை விட்டு எழும்பிவிட்டன என்பதை முதலில் அறிந்தவள் அவளைப் பெற்ற சுகிர்தா அல்ல, கீழ்வீட்டு லோசனி ஆன்ட்டிதான். அதுவும் கண்ணால் பார்த்து அல்ல, காதுக்கு ஒன்றும் கேட்காமல் போனதால்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும், சுகிர்தா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது இன்டர்காம் அடித்தது. அந்த மணி அடித்தாலே அவள் மன்னிப்புக் கேட்கத் தயாராகிவிடுவாள்.

"ஏம்மா சுகிர்தா, ஊருக்குப் போயிட்டீங்களா?"

"இல்ல ஆன்ட்டி, வீட்லதான் இருக்கோம்."

"பாப்பா?"

"ஹால்ல விளையாடிட்டிருக்கா. ஏன் ஆன்ட்டி, சத்தம் கேக்குதா?"

"அதான் கேக்கலையே! காலைலேர்ந்து ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. காபி குடிச்சிட்டுச் சும்மா சாஞ்சவ அப்படியே தூங்கிட்டேம்மா. நல்லா இருப்பீங்க."

சுகிர்தா கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். நான்கு வயது ஜோவிதா பொம்மைத் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு சோபாவிலிருந்து பால்கனிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். வலது கால், இடது கால் என்று ஒழுங்காகத்தான் எடுத்து வைத்தாள், ஆனால் அந்தக் கால்களுக்கும் டைல்ஸ் தரைக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி இருந்தது, அந்த இடைவெளி வழியாகப் பால்கனி வெளிச்சம் புகுந்து வந்து சுகிர்தாவின் பாதம் வரைக்கும் பளபளத்தது, பிள்ளையின் நிழல் மட்டும் எங்கேயோ தனியாகத் தரையில் கிடந்தது.

கையிலிருந்த துணி விழுந்தது. வாயைத் திறந்தாள்.

ஜோவிதா திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். "ஷ்ஷ். கீழ ஆன்ட்டி இருக்காங்கம்மா."

*

பூங்குடில் அடுக்ககம் நகரத்துக்குத் தெற்கே, புறவழிச் சாலையும் தாண்டி, நேற்றுவரை ஏரியாக இருந்த இடத்தில் புதிதாக முளைத்திருந்த துணை நகரத்தில் இருந்தது. வாசல் வளைவில் 'குடும்பங்களுக்கு உகந்த சூழல்' என்று எழுதி, அதற்குக் கீழே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய் என்று படம் போட்டிருந்தார்கள். ஆனால் நாய் வளர்க்க அனுமதியில்லை. சுகிர்தாவும் அவள் கணவன் எட்வினும் அந்த வருஷம் பதினேழு வீடு பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள். ஒரு வீட்டில் மீன் குழம்பு வைப்பீர்களா என்று கேட்டார்கள், ஒரு வீட்டில் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள், ஒரு வீட்டில் இன்னொரு பிள்ளை பெறுகிற எண்ணம் உண்டா என்று கேட்டார்கள். பூங்குடிலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அசோசியேஷன் செகரட்டரி கங்காதரன் சார், சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டைத் திறந்து காட்டியபோது கூடவே வந்த லோசனி ஆன்ட்டி சுகிர்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அவர் காதில் ஏதோ சொன்னாள், அவர் தலையாட்டினார், அன்றைக்கே பதினோரு மாத ஒப்பந்தம் முடிவாகிவிட்டது.

குடிவந்த மூன்றாம் நாளிலிருந்து இன்டர்காம் அடித்தது. பாப்பா குதிக்கிறாள். பாப்பா பந்து போடுகிறாள். பாப்பா ஸ்டூலை இழுக்கிறாள். லோசனி ஆன்ட்டி ஒருநாளும் கோபமாகப் பேசியதில்லை. ஒற்றைத் தலைவலிக்காரி, கணவர் போய் ஆறு வருஷமாகத் தனியாக இருப்பவள், தயங்கித் தயங்கித்தான் சொல்வாள், அதுதான் சுகிர்தாவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் டென்னிஸ் பந்தை வெட்டி மாட்டினாள். மூன்று சக்கர சைக்கிளைப் பரணில் ஏற்றினாள். பிள்ளைக்கு வெயில் காலத்திலும் காலுறை போட்டாள். அப்படியும் இன்டர்காம் அடித்தது.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ சுகி," என்றான் கார் தொழிற்சாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் போய்வருகிற எட்வின். "கேட் இருக்கு, வாட்ச்மேன் இருக்கு, ஸ்கூல் பஸ் வாசலுக்கே வருது. இன்னொரு தடவை சாமான் தூக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவளுக்கும் இல்லை. அதனால்தான் பாளையங்கோட்டை கான்வென்டில் தான் நாலாம் வகுப்பில் கற்றுக்கொண்டதைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தாள். அங்கே மதர் பிலோமின் சிவப்புச் சிமென்ட் நடைகூடத்தில் பெண்பிள்ளைகளை வரிசையாக நடக்கவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்பார், எவள் காலடி கேட்கிறதோ அவள் மறுபடி நடக்க வேண்டும், மறுபடி கேட்டால் மறுபடி. முதலில் விரல் நுனி, அப்புறம் பாதம், குதிகால் கடைசியில், அதுவும் பட்டும் படாமல்; மூச்சை உள்ளே இழுத்துக்கொள், தோளைத் தூக்கிக்கொள், நீ இந்த இடத்தில் இல்லை என்று நினைத்துக்கொள். அந்த வருஷம் முழு வகுப்பிலும் பரிசு வாங்கியவள் சுகிர்தாதான். ஜோவிதா அவளைவிடக் கெட்டிக்காரி. மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள்.

*

"சரி விடு, செருப்புத் தேயாது," என்றான் எட்வின், பார்த்துவிட்டு. சொல்லிவிட்டு நெடுநேரம் சோபாவில் உட்கார்ந்து பிள்ளையின் காலுக்கடியில் கையை விட்டு விட்டு எடுத்தான். குழந்தை மருத்துவர் எடை மேடையில் நிற்கச் சொன்னார், முள் அசையவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "கொஞ்சம் மெலிவுதான். கேழ்வரகுக் கஞ்சி குடுங்க, முட்டை குடுங்க, இந்த சிரப் ராத்திரி அஞ்சு மில்லி," என்று எழுதிக்கொடுத்தார். "டாக்டர், அவ மிதக்குறா," என்றாள் சுகிர்தா. "இந்த வயசுல சில பிள்ளைங்க அப்படித்தாம்மா," என்றார் அவர்.

பூங்குடிலில் அது அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டிருந்தது. கங்காதரன் சார் அளவு நாடாவோடு வந்து, முழங்கால் போட்டு அளந்து, குறித்துக்கொண்டு, "எக்சலென்ட் மேடம், அருமையா வளர்த்திருக்கீங்க," என்று கைகுலுக்கினார். பி பிளாக் பெண்கள் பாதாம் பருப்பும் பழமும் கொண்டுவந்து, என்ன கொடுக்கிறீர்கள், எத்தனை மணிக்குப் படுக்கப் போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருத்தி தன் பையனைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "பாரு, அந்தப் பாப்பாவைப் பாரு, எப்படி இருக்குது! நீயும் இருக்கியே, இடி மாதிரி!" என்றாள். மாலையில் விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் ஜோவிதாவின் கவுன் நாடாவைப் பிடித்து பலூன் மாதிரி இழுத்துக்கொண்டு ஓடினார்கள், காவல்காரர் கேட்டைத் தாண்டி விட வேண்டாம் என்று மட்டும் சொன்னார், தோட்டக்காரர் அவளிடம் கூடையைக் கொடுத்து மல்லிகைச் செடியின் உச்சியில் பூப்பறித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. பழகாதது ஒருத்திக்குத்தான். சுகிர்தா பல் தேய்க்கும்போதும் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள், பால் காய்ச்சும்போதும் திரும்பிப் பார்த்தாள், தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, உங்களுக்குக் கண் தெரியவில்லையா, என் பிள்ளை கீழே இல்லை, கீழே இல்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது; ஆனால் கத்திப் பழக்கமில்லை.

நாலு விரற்கடை ஒரு சாண் ஆயிற்று. சாண் முழம் ஆயிற்று. ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு பாடும்போது பிள்ளை சாமியாரின் முகத்துக்கு நேராக இருந்தாள், அவர் ஆசீர்வதித்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனார். வீட்டில் ஹால் மின்விசிறியை நிறுத்தினார்கள், பிறகு படுக்கையறை மின்விசிறியை நிறுத்தினார்கள், சித்திரை வெயிலில் மூன்று பேரும் வேர்வையில் ஊறிக் கிடந்தார்கள். ஜோவிதாவின் குரலும் எடையோடு போய்விட்டது. கேட்டதற்கெல்லாம் காற்றாக மட்டும் பதில் சொன்னாள், பசிக்கிறது என்பதைக்கூட உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "குதி பாப்பா, குதிடா," என்று சுகிர்தா கெஞ்சினாள். பிள்ளை குதிக்கப் பார்த்தாள். காலுக்குக் கீழே எதிர்த்துத் தள்ள ஒன்றுமில்லாததால் குதிக்கவும் முடியவில்லை.

கங்காதரன் சார் தன் குறிப்பேட்டைப் பார்த்து ஒருநாள் சொன்னார், மழை எப்போது வரும் என்று சொல்வது போல: "வாரத்துக்கு அரை அடி மேடம். இந்தக் கணக்குப்படி மே ரெண்டாவது வாரம் பால்கனிச் சுவரைத் தாண்டிடுவா. சுவர் மூணரை அடி."

"அப்ப கிரில் போட்டுக்கிறோம் சார். நாளைக்கே."

"கிரில்லா? எலிவேஷன் கெட்டுடுமே, வெளித்தோற்றமே போயிடும். ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. அசோசியேஷன் தீர்மானம் இருக்கு."

"என் பிள்ளை வெளிய போயிடுவா சார்!"

"டென்ஷன் ஆகாதீங்க. ஜூன்ல எல்.கே.ஜி. புத்தகப் பை மாட்டினா அவளா இறங்கிடப் போறா," என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். எட்வினும் சிரித்துவிட்டு, அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

மே பிறந்தபோது சி பிளாக்கில் ஒரு பையனும் பி பிளாக்கில் இரட்டைப் பெண்பிள்ளைகளும் எழும்பிவிட்டிருந்தார்கள். அவர்கள் வீடுகளில் கேசரி செய்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். கட்டடக்காரர்கள் இரண்டாம் கட்ட வீடுகளுக்கு விளம்பரம் போடப்போவதாகவும், அதில் ஜோவிதாவின் படம் வரப்போவதாகவும், அதற்காக ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டித் தரும்படி கங்காதரன் சார் வீட்டு ஓனரிடம் பேசிவிட்டதாகவும் எட்வின் வந்து சொன்னான். "மூணு வருஷம் சுகி! யாரு குடுப்பா?" சுகிர்தா துப்பட்டாவைப் பிள்ளையின் இடுப்பில் ஒரு முனையும் ஜன்னல் கம்பியில் ஒரு முனையுமாக முடிந்துகொண்டிருந்தாள். மூன்று முடிச்சு போட்டாள். பிறகு நாலாவதும் போட்டாள்.

*

மே இரண்டாவது சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு, எட்வின் வீட்டிலிருந்ததால், "ரெண்டே நிமிஷம், பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டு அவள் கீழ்வீட்டுக்குப் போனாள். லோசனி ஆன்ட்டி அப்போதுதான் வீட்டைத் துடைத்து முடித்து, உள்ளறை வாசலில் நாற்காலி போட்டுக் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா. ஈரம், பாத்து வா."

சுகிர்தா ஹாலைக் கடந்து போய் அவள் முன்னால் நின்றாள். வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்களை ஒரே மூச்சில் சொன்னாள்: "ஆன்ட்டி, ஒரே ஒரு தடவை மேல வந்து பாப்பாகிட்ட சொல்லுங்க. சத்தம் போடலாம்னு சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. ஓடலாம், குதிக்கலாம், ஆன்ட்டிக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்க சொல்லுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

லோசனி ஆன்ட்டி காலைக் கீழே இறக்கினாள். "என்னம்மா இது, நான் என்னமோ குழந்தையைப் பிடிக்காதவ மாதிரி! எனக்குச் சத்தம்தானே ஆகாது. நல்லபடியா கத்துக்கிச்சு, விட்டுடேன். கொஞ்ச நாள்ல நின்னுடும்."

"எது நின்னுடும்?"

"ஏறுறது. உனக்கு நின்னுடுச்சு இல்ல?"

"எனக்கா?"

லோசனி ஆன்ட்டி அவளை வியப்பாகப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா? நீ வீடு பாக்க வந்த அன்னிக்கே கவனிச்சேனே. உனக்கு ரொம்பக் கொஞ்சம், ஒரு தாள் தடிமன் இருக்கும். மேல நீ நடக்கிறதை இந்தப் பதினோரு மாசத்துல ஒருநாளும் நான் கேட்டதில்ல. அதுக்காகத்தானே உங்களுக்கே வீட்டைக் குடுத்துடலாம்னு கங்காதரன்கிட்ட சொன்னேன்." பிறகு முகவாயால் சுகிர்தாவின் முதுகுக்குப் பின்னால் காட்டினாள். "பாரேன்."

சுகிர்தா திரும்பிப் பார்த்தாள். வாசற்படியிலிருந்து அவள் நிற்கிற இடம் வரைக்கும் ஈரத் தரை கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒரு கால் தடம் இல்லை.

அவள் நாலாம் வகுப்பிலிருந்து நடந்த இடங்களெல்லாம், பள்ளிக்கூடம், கல்லூரி, கல்யாண நாளில் கோயிலின் நடுப்பாதை, பிரசவ வார்டு, பதினேழு வீடுகளின் பதினேழு ஹால்கள், எல்லாம் இப்படி ஈரமாக, தடமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குத் தெரிந்தன. யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தாள். பிரசவத்தில்கூட, கத்தாமல் பெற்றாயே, நல்ல பெண் என்றுதானே நர்ஸ் கன்னத்தைத் தட்டினாள்.

மேலே, கூரைக்கு அந்தப் பக்கம், பால்கனிக் கதவு சறுக்கித் திறக்கும் சத்தம் கேட்டது.

*

அவள் படியேறி வந்தபோது எட்வின் படுக்கையறையில் ஓனரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். புழுக்கத்துக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தான். கட்டிப்போட்டிருக்கிறதே பிள்ளை, பாவம் என்று நாலு முடிச்சையும் அவிழ்த்துவிட்டிருந்தான். துப்பட்டா ஜன்னல் கம்பியில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

ஜோவிதா பால்கனிச் சுவருக்கு வெளியே இருந்தாள்.

அதிக தூரமில்லை, ஒரு கை நீட்டம், அதற்கு மேல் இரண்டு விரல். மூன்றாம் மாடி உயரத்தில், வேப்பமரத்தின் தலைக்கு நேராக, நீலக் கவுன் லேசாக உப்பியிருக்க, வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே திடலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். யாரும் அலறவில்லை. சிலர் கை தட்டினார்கள். கங்காதரன் சார் செல்போனைத் தூக்கிப் பிடித்து, "பாப்பா, இங்க பாரு! சிரி! சூப்பர்!" என்றார்.

சுகிர்தா சுவரில் வயிற்றைக் கொடுத்து எட்டினாள். காற்றுதான் கையில் அகப்பட்டது. "ஜோவி" என்று கூப்பிட்டாள். அது ஒரு மூச்சாக வந்து உதட்டிலேயே அடங்கிப் போயிற்று. இன்னும் எட்டினாள், அப்போது தன் கால்கள் தரையில் இல்லாததை முதன்முதலாக அவளே உணர்ந்தாள், தாள் தடிமன்தான், ஆனாலும் இல்லை, ஊன்ற ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் பிள்ளையோடு அவளும் போய்விடுவாள், கீழே இருப்பவர்கள் அதற்கும் கை தட்டுவார்கள்.

வலது காலைத் தூக்கி ஓங்கி மிதித்தாள். ஒன்றும் படவில்லை. இடது காலால் மிதித்தாள். ஒன்றுமில்லை. தோளைக் கீழே விட்டாள், பிடித்து வைத்திருந்த மூச்சை, எத்தனை வருஷத்து மூச்சோ அது, வெளியே விட்டாள், நான் இங்கேதான் இருக்கிறேன், இங்கேதான் இருக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதித்தாள்.

தொம் என்றது.

குதிகால் டைல்ஸில் இறங்கிய வலி முழங்கால் வரைக்கும் ஏறியது. மறுபடி மிதித்தாள். அடுக்களையில் பாத்திரம் அதிர்ந்தது. மறுபடி. உள்ளே இன்டர்காம் அலறத் தொடங்கியது, அது அலறினால் அலறட்டும், அவள் இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்து, அடிவயிற்றிலிருந்து, தன் ஊர்ப் பேச்சில், தன் தெருவில் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் போடுகிற குரலில் கத்தினாள்:

"ஏட்டீ ஜோவிதா! எறங்குட்டீ கீழ! ஒழுங்கா எறங்கு! மிதி! அம்ம மாதிரி மிதிட்டீ!"

கீழே கைதட்டல் நின்றது. "மேடம், மேடம், என்ன மேடம் இது," என்றது ஒரு குரல். ஜோவிதா திரும்பினாள். அம்மாவின் வாயை, அதிலிருந்து வருகிற சத்தத்தை, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் சத்தத்தோடு வந்தது. காற்றில் ஒரு காலை உதைத்தாள், இன்னொரு காலை உதைத்தாள், உதைக்க உதைக்க ஒரு படி இறங்கினாள், இன்னொரு படி இறங்கினாள், இறங்கும்போதே சுவர்ப் பக்கமாகவும் வந்தாள்; சுகிர்தா பாய்ந்து இரண்டு கையாலும் அவள் கணுக்காலைப் பற்றிய அதே நொடியில், இரண்டு மாதமாக எங்கேயோ போயிருந்த எடை அத்தனையும் ஒரே இழுப்பாகத் திரும்பி வந்தது.

பிள்ளை தலைகீழாகச் சுவருக்கு வெளியே விழுந்து தொங்கினாள். சுகிர்தாவின் விலா சுவரில் இடித்தது, தோள் கழன்றுவிடும் போல இழுத்தது, அவள் குதிகால்கள் தரையைக் கவ்விக்கொண்டன. கவ்விக்கொண்டு நின்றன. எட்வின் செல்போனைப் போட்டுவிட்டு ஓடிவந்து இடுப்பைப் பிடித்தான், இருவருமாக இழுத்தார்கள், மூன்று பேரும் பால்கனித் தரையில் குவியலாக விழுந்தார்கள்.

"நான்... நான் சும்மாதான்... அவ கேட்டா, அதான் அவுத்து விட்டேன்," என்றான் எட்வின்.

ஜோவிதா எழுந்து நின்றாள். நின்றதும் வீல் என்று கத்தினாள். சித்திரை வெயிலில் காய்ந்த டைல்ஸ். இரண்டு மாதமாக எதையும் தொடாத அவள் பாதங்கள் பிறந்த பிள்ளையின் பாதம் மாதிரி மெதுவாகியிருந்தன. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, வலிக்குது, சுடுது, அம்மா சுடுது என்று ஊரைக் கூட்டினாள். நான்கு பிளாக்கிலும் ஜன்னல்கள் திறந்தன. இரட்டைப் பெண்பிள்ளைகளின் அம்மா எதிர்ப் பால்கனியில் வந்து, இரண்டு கையிலும் இரண்டு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எட்வின் பழக்கத்தில் உதட்டில் விரலை வைக்கப் போனான். சுகிர்தா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அழுட்டீ," என்றாள் பிள்ளையிடம். "இன்னும் சத்தமா அழு."

அழைப்புமணி அடித்தது, விடாமல் அடித்தது, கதவுக்கு அப்பால் கங்காதரன் சார் யாரோடோ தீர்மானம், ஒப்பந்தம் என்று பேசுவது கேட்டது. சுகிர்தா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். இடுப்பு ஒரு பக்கமாக இறங்கிப் போயிற்று. இத்தனை கனம் என்பதை எப்படி மறந்தோம் என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. கொப்புளம் கண்டுவிட்ட குதிகால்களை ஒவ்வொன்றாக முழுக்க ஊன்றி, வீடு அதிர, கதவைத் திறக்கப் போனாள்.